நாலாம் வகுப்பு: கடன் வாங்கிக் கழித்தலும் பாக்கி 21 பெட்டிகளும்

ஜூன் 18

மகள் நாலாம் வகுப்புக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "எனக்குக் கணக்கே வராதுப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் வரை விளையாட்டுக்கு நடுவில் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு ஓடியவள். பாடப்புத்தகத்தைப் புரட்டினால் விஷயம் புரிகிறது. எழுத்து பொடியாகிவிட்டது, படம் குறைந்துவிட்டது, ஒரு கணக்குக்கு ஒரு வேலை என்றிருந்தது போய் இப்போது பெருக்கி, கூட்டி, அப்புறம் கழித்தால்தான் விடை. போதாக்குறைக்குக் கரும்பலகையில் இருப்பதை அழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நோட்டில் "கவனம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதி வந்திருக்கிறது. எதில் கவனம்? இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்ய முடியும், எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ஜூன் 21

சரியான விடைகளை விட்டுவிட்டுத் தப்பானவற்றை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். 503 - 278. அவள் எழுதியது 375. முதலில் ஏதோ அவசரத்தில் எழுதியதாகத்தான் தோன்றியது. அடுத்த கணக்கையும் அதற்கடுத்ததையும் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. 3இலிருந்து 8 போகாது, அதனால் 8இலிருந்து 3ஐக் கழித்து 5. சைபரிலிருந்து 7 போகாது, அதனால் 7. ஐந்தில் இரண்டு போனால் 3. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போகிறாள். கவனமில்லாத பிள்ளை இப்படி ஒரே சீராகத் தப்புப் பண்ணாது, இவள் ஒரு விதி வைத்திருக்கிறாள், அந்த விதிதான் தப்பு.

இது இவளுக்கு மட்டும் வந்த கோளாறும் இல்லை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இலேயே பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை அலசி, கணினி நிரலில் இருக்கிற 'பக்' என்ற பிழை மாதிரி இவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டியிருக்கிறார்கள். பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அதில் ரொம்பப் பிரபலம்.

ஜூன் 22

துண்டுக் காகிதங்களில் 100, 10, 1 என்று எழுதி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "503ஐ எடுத்து வை" என்றேன். ஐந்து நூறு, மூன்று ஒன்று. "இதிலிருந்து எட்டு ஒன்று கொடு." இல்லை. "பத்திலிருந்து மாற்று." பத்தும் இல்லை. கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நூறை எடுத்து என்னிடம் நீட்டி, "சில்லறை குடுங்க" என்றாள். பத்துப் பத்துகள் கொடுத்தேன். அதில் ஒன்றை மறுபடி நீட்டினாள், பத்து ஒன்றுகள் கொடுத்தேன். இப்போது கையில் நாலு நூறு, ஒன்பது பத்து, பதின்மூன்று ஒன்று.

"ஓ, அந்த 9 இங்கேயிருந்துதான் வருதா!"

வகுப்பில் சைபரை அடித்துவிட்டு அதன் தலையில் 9 போடச் சொல்லியிருக்கிறார்கள், இவளும் போட வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் போட்டுக்கொண்டு, பிடிபடாமல் போனதும் பழைய விதிக்கே திரும்பியிருக்கிறாள். விடை 225 என்று வந்ததும் காகிதத்தை எண்ணிச் சரிபார்த்தாள். அப்புறம் அவளாகவே 700 - 46 போட்டாள், நான் கேட்கவில்லை.

ஜூன் 29

அறிவியல் பாடம். தடங்கலில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு அழகாக வாசிக்கிறாள். முடித்ததும் "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் முழிக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவது வேறு, படித்துத் தெரிந்துகொள்வது வேறு. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்: முதல் மூன்று வகுப்பில் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், நாலாம் வகுப்பு வாக்கில் கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் திருப்பத்தில்தான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று.

'ஆவியாதல்', 'நீராவி', 'குளிர்ந்து சுருங்குதல்' எல்லாம் ஒரே பத்தியில் வருகின்றன. ஒரு பத்தியில் தெரியாத சொல் மூன்று இருந்தாலே மீதி வாக்கியமும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. அதனால் இனி வாசிப்பதற்கு முன்னாலேயே புதுச் சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசிவிடுகிறோம். தரையைத் துடைத்த ஈரம் எங்கே போனது என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரிகிறது, அதற்குப் பெயர் இருப்பதுதான் தெரியாது. பிறகு ஒரு பத்தி வாசி, புத்தகத்தை மூடு, பாட்டியிடம் போய்ச் சொல். பாட்டி விடமாட்டார், "ஏன், எப்படி" என்று குடைவார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நாள்கணக்கில் நிற்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனையில் அது தெளிவாகவே தெரிந்தது, அவர்கள் சோதித்தது கல்லூரி மாணவர்களை என்றாலும்.

ஜூலை 4

வகுத்தல் வரவில்லை என்று அழுகை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் வகுத்தல் முறை நன்றாகவே தெரிகிறது. 7ஆம் வாய்ப்பாடுதான் இல்லை. ஒவ்வொரு தடவையும் விரல்விட்டு ஏழேழாகக் கூட்டி 56க்கு வருவதற்குள் எந்தப் படியில் இருந்தோம் என்பதே மறந்துபோகிறது. மனசு ஒரே நேரத்தில் தாங்குவது கொஞ்சம்தான், அதையும் எட்டேழுக்கே செலவழித்துவிட்டால் வகுப்பதற்கு என்ன மிஞ்சும்?

வாய்ப்பாடு என்றதும் முகம் சுருங்கியது. சரி என்று பத்துக்குப் பத்து கட்டம் போட்டேன், 100 பெட்டி. 3×8ம் 8×3ம் ஒன்றுதான், அதனால் இரண்டாம் தடவை வந்த 45ஐ அடித்தாள், பாக்கி 55. ஒன்றாம் வாய்ப்பாடும் பத்தாம் வாய்ப்பாடும் தெரியும், 36. இரண்டும் ஐந்தும் தண்ணிபட்ட பாடு, அதையும் அடித்தாள். எண்ணிப் பார்த்தால் 21 பெட்டி. "இவ்ளோதானா?" என்றவளுக்கு அதிலும் ஏழெட்டுப் பெட்டி ஏற்கெனவே தெரிந்திருந்தது. தினம் இரண்டு பெட்டி, முந்தின நாள் பெட்டியையும் சேர்த்துக் கேட்பது, அவ்வளவுதான். ஒரே நாளில் மொத்தமாக ஒப்பிக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜூலை 10

ராத்திரி ஒன்பதரைக்கு நோட்டை மூடச் சொன்னேன். இரண்டு கணக்கு பாக்கி. அழுதுகொண்டே போடுகிற கணக்கில் ஏதும் ஏறாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது, அதற்குப் பிறகு வேறு வாதம் எதற்கு. நோட்டில் "இவ்வளவு நேரம் முயன்றாள், ஈவு எழுதும் இடத்தில் நின்றுவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 11

ஆசிரியை அந்த ஈவு எழுதும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தாராம். எந்த இடம் என்று சொன்னால் யாரும் உதவுவார்கள்.

ஜூலை 17

"மாலாவிடம் 12 பென்சில் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 5 அதிகம். ரவியிடம் எத்தனை?" மகள் யோசிக்காமல் 17 என்றாள். "அதிகம்னு வந்தா கூட்டணும்" என்று எங்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குறுக்குவழி இரண்டாம் வகுப்பில் காப்பாற்றும், நாலாம் வகுப்பில் காலை வாரும். எண்களை மறைத்துவிட்டு "யார்கிட்ட நிறைய இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "மாலாகிட்ட." "அப்ப ரவிகிட்ட 17 இருக்குமா?" சிரித்துவிட்டு 7 என்று மாற்றினாள். இப்போது கோடு இழுத்துப் பார்க்கிறோம், மாலாவுக்கு நீளக் கோடு, ரவிக்குக் குட்டைக் கோடு. பாதிக் கணக்கு கோட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

ஜூலை 24

அத்தை வந்திருந்தாள். "எனக்கும் கணக்குன்னா காய்ச்சல்தான்டி கண்ணு, நம்ம குடும்பத்துக்கே வராது" என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்கிறாள். ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் தனியே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், ஒன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வருஷத்தில் கற்றுக்கொள்வது குறைந்துபோனதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நம் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பயப்படக் கற்கிறார்கள் என்பது என் ஊகம்.

நானும் இப்போது பக்கத்தில் உட்காருவதில்லை. அதே அறையில் என் வேலையைப் பார்க்கிறேன். கூப்பிட்டால் போவேன், போனாலும் பென்சிலைத் தொடமாட்டேன், "எது வரைக்கும் தெரியுது?" என்பதோடு சரி.

ஆகஸ்ட் 2

தேர்வுத்தாள் வந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் கழித்தலில் ஒன்றுகூடத் தப்பில்லை. வகுத்தலில் ஒன்று போனது, அதுவும் எட்டேழால் இல்லை, மீதியை எழுத மறந்ததால். "கணக்கு வராது" இப்போது "பின்னம் வராது" என்று சுருங்கியிருக்கிறது, நான் இதை முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். 1/4, 1/3 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு 1/4 என்று எழுதியிருக்கிறாள், நாலு மூன்றைவிடப் பெரியதாம். இதிலும் ஒரு விதி இருக்கிறது. நாளைக்கு ஒரே அளவில் இரண்டு காகிதம் வெட்டி, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நாலாகவும் அவளையே மடிக்கச் சொல்லப் போகிறேன். மூன்றாக மடிப்பதுதான் கஷ்டம், ஸ்கேலும் வேண்டியிருக்கும்.