முதுகுப் பசை இளகியது

‘எ கேர்ள் ஆஃப் தி லிம்பர்லாஸ்ட்’ நாவலின் பழைய கெட்டி அட்டைப் பிரதி ஒன்று புதுச்சேரி ஞாயிறு சந்தையில் எனக்குக் கிடைத்தபோது, அதன் முதுகை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அதைப் பிரித்து மறுபடி கட்டுவதற்காகப் பழைய பசையை நீக்க முயன்று இரண்டு முறை தோற்றபின், நேற்று அந்த முதுகு முழுமையாகச் சுத்தமானது.

பாரங்களை, அதாவது மடித்துத் தைத்த தாள்கட்டுகளை, பிரிப்பதைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. என்னைப் படுத்தியது பழைய வச்சிரம்தான், அதாவது முதுகில் இறுகிப்போன விலங்குப் பசை. முதல் முறை காய்ந்த நிலையிலேயே சுரண்டியதால் இரண்டு பாரங்களின் மடிப்பு கிழிந்தது. அடுத்த முறை ஈரத்துணி போட்டேன். நீர் உள்ளே இறங்கி, கதையின் நாயகி எல்நோரா முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பக்கங்களில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

இம்முறை மைதாப் பசையைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிய புத்தகத்தின் முதுகில் கால் விரற்கடை கனத்துக்கு அப்பி, இருபது நிமிடம் காத்திருந்தேன். பசையிலுள்ள ஈரம் சிறிது சிறிதாகவே இறங்குவதால், காகிதம் ஊறுவதற்கு முன்பே வச்சிரம் இளகிவிடுகிறது. மழுங்கிய கத்தியை நீளவாக்கில் ஓட்டியபோது அது வெல்லப்பாகைப் போலச் சுருண்டு வந்தது. அடியில் பழைய தையல் நூல் அறுபடாமல் தெரிந்தது. வழித்தெறியும் பசை என்பதால் இதில் பூச்சி அரிக்காமல் காக்கும் மயில்துத்தம் சேர்க்கவில்லை. அட்டை ஒட்டும் பசைக்கு அதைக் கட்டாயம் சேர்ப்பேன்.

மேலுறைக்குப் பழுப்புக் காலிகோ என்னும் பருத்தித் துணிதான் வேண்டும். 1909-இல் வெளியான இந்நாவலில், எல்நோரா காலிகோ உடையோடு பள்ளிக்குப் போன முதல் நாளில் நகரத்துப் பெண்கள் அவளை ஏளனமாகப் பார்க்கிறார்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வழியில்லாத அவள், இந்தியானா சதுப்புக் காட்டில் அந்துப்பூச்சிகளைச் சேகரித்து விற்றுப் படிக்கிறாள். கோழிக்கோட்டின் (காலிகட்) பெயரைத் தாங்கிய அந்தத் துணியே அவள் கதையைப் போர்த்தியிருக்க வேண்டும் என்பது என் ஆசை. கடலூரில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் சிவப்பும் பச்சையும்தான் இருந்தன. பழுப்பு அடுத்த வாரம் வரும் என்றார் கடைக்காரர். அட்டையின் உட்புறம் ஒட்டும் உள்தாளுக்கு அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதத்தில், அந்துப்பூச்சிச் சிறகை நினைவூட்டும் மஞ்சள் நிறத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

அதே சதுப்புக் காட்டில் நிகழும் ‘ஃப்ரெக்கிள்ஸ்’ (1904) நாவலையும் இதே துணியில் கட்டி இணையாக வைக்க எண்ணியுள்ளேன். அதற்கு முன், கிழிந்த இரண்டு மடிப்புகளையும் மெல்லிய தாள் ஒட்டிச் சீராக்கி, ஐப்பசி மழைக்குள் தையலை முடித்தாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் இந்தக் கடற்காற்றில் பசை காய நான்கு நாளாகும்.