பாலிக் புலாவ் குளக்கரை: மழைக்கு முன் எழுதிய குறிப்புகள்

ஆகஸ்ட் 3

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாலிக் புலாவில் உள்ள டுரியான் தோட்டத்துக் குளம் இது. தூண்டில் போடவும் கயாக் ஓட்டவும் ஆட்கள் வருகிறார்கள். மண்கரை 70 மீட்டர் நீளம், நடுவில் 5 மீட்டர் உயரம். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கொட்டும். அதற்குள் கரையைத் தலை முதல் அடிவரை பார்த்துவிட வேண்டும்.

முதலில் புல் வெட்டு. புல் முழங்கால் உயரம் நின்றால் ஈரத்திட்டும் தெரியாது, உடும்பு வளையும் தெரியாது. 10 செ.மீ. விட்டு வெட்டியது. மொட்டையடித்தால் அடுத்த மழையிலேயே சரிவு அரிக்கும்.

ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கரையின் மேல்தளத்துக்கு மட்டம் பார்த்ததில், மோட்டார் சைக்கிள் ஏறும் இடத்தில் 12 செ.மீ. பள்ளம். கண்ணுக்கு அது பள்ளமாகவே தெரியவில்லை. புல்லைச் சீவி, அடிமண்ணைக் கொத்தி, களிமண்ணை இரண்டு அடுக்காகப் போட்டுத் திமிசால் இடித்தாயிற்று. கொத்தாமல் போட்டால் பழைய மண்ணோடு புது மண் ஒட்டாது.

ஆகஸ்ட் 10

வெளிச்சரிவில் தானாக முளைத்த ரம்புத்தான் கன்று, கட்டைவிரல் மொத்தம். வேரோடு பிடுங்கிக் குழியை இடித்து மூடியாயிற்று. மரம் கரைக்குப் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. காற்றில் சாய்ந்தால் வேர்மண்ணோடு கரையையும் பெயர்க்கும். வெட்டி வேரை விட்டுவிட்டாலோ, வேர் மக்கிய இடம் தண்ணீருக்குக் குழாய் ஆகும். பெரிய மரமாக இருந்தால் நீர்மட்டத்தை இறக்காமல் வேரில் கை வைக்கக்கூடாது. அதற்குப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

அடிமதகு வால்வு, அதாவது குளத்து நீரை அடியிலிருந்து திறந்துவிடும் வால்வு. 200 மி.மீ. குழாய், முழுக்கத் திறக்க 26 சுற்று. இந்த எண்ணிக்கையைச் சக்கரத்தின் அருகிலேயே பெயிண்டில் எழுதி வைப்பது நல்லது. மூடும்போது 22 சுற்றில் நின்றால் அடியில் கல்லோ கட்டையோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மேலும் இறுக்காமல் கொஞ்சம் திறந்து, தண்ணீரே அதைத் தள்ளிக்கொண்டு போகும்படி விட வேண்டும். இரும்புப் பைப் மாட்டி நெம்பினால் தண்டு முறியும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது திருப்பாத வால்வு, தேவைப்படும் இரவில் திரும்பாது.

முதலில் கரும்சேறு வந்தது. குளத்தின் அடிச்சேறுதான், சில நிமிடத்தில் தெளிந்தது.

மட்டத்தை இறக்குவதானால் ஒரு நாளைக்கு 15 செ.மீ. போதும். வேகமாக இறக்கினால் கரைக்குள் ஊறிய நீர் வெளியேற நேரம் இருக்காது. வெளியே தாங்கி நின்ற தண்ணீரும் போய்விட்டதால், உட்சரிவு பாளமாகச் சரியும்.

செப்டம்பர் 7

இன்று கலிங்கு, அதாவது மிஞ்சிய நீர் வழியும் சிமெண்டு வாய். அகலம் 4 மீட்டர். அதன் விளிம்பிலிருந்து கரையின் மேல்தளம் 1 மீட்டர் உயரம். திலாப்பியா தப்பிவிடும் என்று யாரோ குறுக்கே கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். உடனே அறுத்து எடுத்தாயிற்று.

கணக்கு இதுதான். குளத்துக்கு நீர் வடியும் நிலம் சுமார் 18 ஹெக்டேர். மணிக்கு 100 மி.மீ. மழை பிடித்து, பத்தில் ஆறு பங்கு ஓடி வந்தால் விநாடிக்கு 3 கன மீட்டர். வாய் முழுக்கத் திறந்திருந்தால் அது 58 செ.மீ. ஆழத்தில் வழிந்து போகும். ஓலையும் கிளையும் வலையில் சேர்ந்து பாதி அடைத்தால் 92 செ.மீ. வரை ஏறும். கரைக்கு மிச்சம் 8 செ.மீ. ஆகஸ்ட் 3-இல் மூடிய பள்ளம் 12 செ.மீ.! அந்த ஒரு இடத்தில் தண்ணீர் கரை தாண்டி, குவிந்து ஓடி, மண்ணை அறுத்திருக்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையும் உல்லாசத்துக்காக ஒரு தனியார் சங்கம் வைத்திருந்ததுதான். கலிங்கில் மீன் தடுப்பு வலை. வண்டி போக வசதியாகக் கரையின் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். அடியில் தண்ணீரைத் திறந்துவிட இருந்த குழாய்களை முன்பே எடுத்துவிட்டு, திரும்பப் போடவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் உடைந்தது. ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,209 பேர் இறந்தார்கள். நம் குளம் அதற்கு முன் ஒரு குட்டை. ஆனாலும் கீழே வீடுகளும் பள்ளிக்குப் போகும் பாதையும் இருக்கின்றன.

மீன் வேண்டுமென்றால் குளத்துக்குள் கூண்டுவலை கட்டலாம். கலிங்கில் எதுவும் கூடாது. கயாக்குகள் அந்தப் பக்கம் போகாதிருக்க 15 மீட்டர் முன்னால் மிதவைக் கயிறு கட்டியாயிற்று. ஓரத்தில் உயிர்காப்பு வளையம் இரண்டு.

செப்டம்பர் 14

கரை அடியில் கசிவு வருகிறது. மண்கரை கசியாமல் இருக்காது, அதனால் கசிவைக் கண்டதும் அலற வேண்டாம். எவ்வளவு வருகிறது, தெளிவா கலங்கலா, இந்த இரண்டும்தான் கேள்வி. கசிந்த நீரை வெளியே கொண்டுவரும் வடிகுழாயின் முனையில் 10 லிட்டர் வாளி வைத்தால் 46 விநாடியில் நிறைகிறது, அதாவது நிமிடத்துக்கு 13 லிட்டர். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தோம். அடியில் மண் தங்கவில்லை. குளத்தின் மட்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். மட்டம் மாறாமல் கசிவு கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது.

கலங்கல் வந்தால் தண்ணீர் கரையின் மண்ணை உள்ளிருந்து கொண்டுபோகிறது. அப்போது சிமெண்டோ களிமண்ணோ வைத்து வாயை அடைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும், உள்ளே அழுத்தமும் கூடும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும்: முதலில் கரடுமணல், அதன்மேல் பொடிக்கல், அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி. சுற்றிலும் மணல்மூட்டை. ஆளுக்கு ஆபத்தில்லாத நிலையில் மட்டுமே இந்த வேலை. அதே நேரத்தில் கீழ் வீடுகளுக்குத் தகவல், அவசர எண் 999-க்கு அழைப்பு. மணல், பொடிக்கல், ஜல்லி மூன்றையும் அரை லோரி அளவுக்குக் கித்தான் போர்த்திக் கலிங்குக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. மழையில் லோரி உள்ளே வராது.

அக்டோபர் 5

இரவெல்லாம் மழை. கலிங்கில் 9 செ.மீ. ஆழத்தில் வழிகிறது. இரண்டு தென்னை ஓலை சிக்கியிருந்தன. கரையில் நின்றபடியே நீளக் கொக்கியால் இழுத்தெடுத்தது, கலிங்குக்குள் இறங்கவில்லை. வாளி 41 விநாடியில் நிறைந்தது, தெளிவு. மட்டம் ஏறியதற்கு இது சரியான அளவு. நாளைக் காலை மீண்டும் வாளி வைக்க வேண்டும்.