அத்தானுக்கு அரைக் கிலோ காபிக்கொட்டை

அத்தான் வீட்டில் எஸ்பிரஸோ மெஷின் வந்து ஒரு வருஷம் ஆகிறது. பிறந்தநாளுக்குக் கொட்டையே வாங்கித் தரலாம் என்று முடிவு செய்ததும் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அவர் பால் ஊத்திக் குடிப்பாரா, வெறுமனேவா?"

"காலைல பால். சாயங்காலம் வெறும் ஷாட்."

ஷாட் என்றால் மெஷின் ஒரு தடவை இறக்கும் கொஞ்சூண்டு கெட்டிக் காபி. பாதி வேலை அதிலேயே முடிந்தது. இளவறுப்பு வேண்டாம், அதில் புளிப்பு தூக்கலாக இருக்கும், பாலோடு சேராது. நடுத்தர வறுப்பில் மான்சூன் மலபார் எடுத்தேன். மேற்குக் கரைக் கிடங்குகளில் மழைக்காற்று படும்படி வாரக்கணக்கில் பரப்பி வைக்கிற கொட்டை இது. ஈரம் குடித்து உப்பி, வெளிறிய பொன்னிறமாகிவிடும். புளிப்பு அடங்கி, காபி கனமாக இறங்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது.

கடையில் முதலில் நீட்டிய பாக்கெட்டில் காலாவதித் தேதி மட்டும்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். வறுத்த தேதி தெரியாமல் எஸ்பிரஸோவுக்குக் கொட்டை வாங்கவே கூடாது. வறுத்த கையோடு போட்டால் உள்ளே இருக்கும் கரியமில வாயு ஷாட்டைக் குலைத்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் ஆற வேண்டும். பிறந்தநாள் 20ஆம் தேதி. 11ஆம் தேதி வறுத்ததை வாங்கினேன், அரைக்காமல்.

நாலு வகையில் குட்டிக் குட்டிப் பாக்கெட் வாங்கச் சொன்னார்கள் கடையில். வேண்டாம் என்றேன். ஷாட்டுக்கு 18 கிராம் கொட்டை. எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும் என்று பிடிபடவே இரண்டு மூன்று ஷாட் போய்விடும். ஒரே கொட்டையில் 250 கிராம் பாக்கெட் இரண்டு.

21ஆம் தேதி காலை அத்தானே கூப்பிட்டார். மூன்றாவது ஷாட்டில் 28 விநாடியில் 36 கிராம் காபி இறங்கியதாம், கச்சிதமாக.