கோவிட் இடைவெளிக்குப் பிறகு மறுபடி பறக்க வந்தது: மெடிக்கல், ஃப்ளைட் ரிவ்யூ, செலவு

அமெரிக்காவில் பிரைவேட் பைலட் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் நம்முடையதுதான். ஆனால் அதை வைத்துப் பறக்க வேண்டுமென்றால் மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) நடப்பில் இருக்க வேண்டும், 24 மாதத்துக்கு ஒரு முறை இன்ஸ்ட்ரக்டரோடு பறந்து திறமையைச் சரிபார்க்கிற ஃப்ளைட் ரிவ்யூவும் முடித்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் சான் ஹோசே முழுக்க வீட்டுக்குள் முடங்கியபோது நிறுத்தியவன், திரும்ப வர 2022 ஆகிவிட்டது. அதற்குள் இரண்டுமே காலாவதி. என்னைப் போல நிறுத்திவிட்டு, இப்போதைய விமான வாடகையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள் நம் ஆட்களிலேயே சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம். நான் விட்டபோது செஸ்னா 172 (நான்கு இருக்கைச் சின்ன விமானம்) எரிபொருளும் சேர்த்து மணிக்கு சுமார் 140 டாலர். வந்து பார்த்தால் 190ஐ நெருங்கியிருந்தது, அதன் மேல் ஃப்யூயல் சர்சார்ஜ் தனி. இந்த விமானம் மணிக்கு எட்டு ஒன்பது கேலன் குடிக்கும், அதனால் கேலனுக்கு இரண்டு டாலர் ஏறினாலே ஒரு மணி நேரத்துக்குப் பதினாறு பதினெட்டு டாலர் கூடிவிடுகிறது. மீதி ஏற்றம் இன்ஷூரன்ஸ், உதிரிபாகம், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்தது. இதன் லைகமிங் என்ஜினை 2000 மணி நேரத்துக்கு ஒரு முறை முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள், அந்தச் செலவின் ஒரு துண்டு நாம் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேர வாடகையிலும் இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் கட்டணமும் ஏறிவிட்டது, அதைவிடப் பெரிய தொல்லை ஆள் கிடைக்காதது. ஏர்லைன்கள் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்ததும் அதற்குத் தேவையான 1500 மணி நேரப் பறப்பு அனுபவத்தை எட்டிய இன்ஸ்ட்ரக்டர்கள் வரிசையாகக் கிளம்பிப் போனார்கள். எனக்குக் கிடைத்தவரும் அந்த வரிசையில் நின்ற இளைஞர்தான், என் வயதில் பாதி இருப்பார். ஆனால் சொல்லிக் கொடுப்பதில் அவ்வளவு பொறுமை.

சான் ஹோசேயில் உள்ள எங்கள் ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல் விற்பதை 2022 ஜனவரி 1 முதல் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஏர்போர்ட்டை ஒட்டிய வீடுகளில் வளரும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக அதற்கு முந்தைய வருடம் ஆய்வு வந்ததுதான் காரணம். ஈயமில்லாத யூஎல்94 சாதாரண 172க்குச் சரிப்படும், அழுத்த விகிதம் அதிகமான என்ஜின்களுக்கு ஒத்துவராது, அதனால் அந்த விமானக்காரர்கள் வேறு ஏர்போர்ட்டில் போய் நிரப்ப வேண்டியதாயிற்று. பைலட்கள் பலருக்கு இதில் கடும் கோபம். எனக்கு இல்லை. நாம் பொழுதுபோக்குக்காகப் பறக்கிறோம், கீழே இருப்பவர்கள் குழந்தை வளர்க்கிறார்கள், அதற்காக ஒன்றிரண்டு டாலர் கூடக் கொடுப்பதில் தப்பே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, மெடிக்கல். நாற்பது வயதுக்கு மேல் மூன்றாம் வகுப்பு மெடிக்கல் 24 மாதம்தான் செல்லும். நான் அதைப் புதுப்பிக்காமல் 2017இல் வந்த பேசிக்மெட் என்ற மாற்று வழியில் போனேன். 2006 ஜூலை 14க்குப் பிறகு எப்போதாவது செல்லுபடியான எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) மெடிக்கல் வைத்திருந்தால் போதும் (கடைசியாக விண்ணப்பித்தது நிராகரிக்கப்பட்டிருக்கக் கூடாது, சில இதய, நரம்பு, மனநலப் பிரச்சினைகளுக்குத் தனி விதி உண்டு). எஃப்ஏஏ படிவத்தை எடுத்துக்கொண்டு மாநில உரிமம் உள்ள எந்த டாக்டரிடமும் போகலாம், அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை. ஆன்லைன் பாடமும் தேர்வும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பைலட்கள் சங்கமான ஏஓபிஏ அதை இலவசமாகவே நடத்துகிறது. ஆனால் காகிதத்தில் இருக்கிற சுலபம் நடைமுறையில் இல்லை. எங்கள் குடும்ப டாக்டர் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பைலட் சம்பந்தப்பட்ட எதிலும் கையெழுத்துப் போட எங்கள் நிர்வாகம் விடாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். லாரி டிரைவர்களுக்கு மருத்துவச் சோதனை செய்கிற ஒரு சின்ன கிளினிக்கில் போய்க் கேட்டேன், முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அதனால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "பேசிக்மெட் படிவத்தில் கையெழுத்திடுவீர்களா?" என்று போனில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தயாரிப்பு. என்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் மீட்டரும் ஓட ஆரம்பித்துவிடும், அதனால் தரையில் கற்க முடிகிற எதையும் தரையிலேயே முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். தினமும் சமையல் வேலையின்போது டவர் ரேடியோவை இணையத்தில் ஓடவிட்டுக் கேட்டேன். முதலில் பாதி பிடிபடவில்லை, கொஞ்ச நாளில் அவர்கள் சொல்வதற்குப் பதில் என் வாயிலேயே தானாக வர ஆரம்பித்தது. 172இன் கையேட்டை மறுபடி படித்து, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, கையை த்ராட்டிலுக்கும் (என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) ஃபிளாப்புக்கும் (இறக்கையின் மடிப்பு) கொண்டுபோய், வேகங்களை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் சிரித்தார்கள்தான், பரவாயில்லை. இப்படி வந்ததால் குறைந்தது இரண்டு மணி நேர வாடகை மிச்சமாகியிருக்கும் என்று இன்ஸ்ட்ரக்டரே சொன்னார்.

ஃப்ளைட் ரிவ்யூவுக்குச் சட்டப்படி தரையில் ஒரு மணி நேரமும் ஆகாயத்தில் ஒரு மணி நேரமும் போதும். இவ்வளவு இடைவெளி விட்டவர்கள் அந்தக் கணக்கை நம்பி பட்ஜெட் போடக் கூடாது, மூன்று நான்கு தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்றே பணம் ஒதுக்குங்கள். ஓடுபாதையில் வேகமெடுத்ததும் வலது கால் தானாக ரட்டரை (வால் சுக்கான்) மிதித்தது, கைகாலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கண்ணுக்குத்தான் ஞாபகம் இல்லை. இறங்கும்போது தரை எவ்வளவு கீழே இருக்கிறது, மூக்கை எப்போது தூக்க ஆரம்பிக்க வேண்டும் என்ற அந்தக் கணிப்புதான் கடைசியாகத் திரும்பி வந்தது. ஓடுபாதையின் முன்பகுதியைப் பார்க்காமல் பார்வையைக் கடைசி முனைக்குக் கொண்டுபோகச் சொல்லி, இன்ஸ்ட்ரக்டர் ஒவ்வொரு தடவையும் மெதுவாக ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தார், ஒரு கட்டத்தில் சக்கரம் தொட்ட சத்தமே கேட்கவில்லை.

ஆண்டர்சன் நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற நிலை), செங்குத்தான திருப்பம் எல்லாம் செய்துகொண்டிருந்தபோது, இன்ஸ்ட்ரக்டர் எதுவும் சொல்லாமல் கையை நீட்டி த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டார். என்ஜின் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கை 68 நாட் மிதக்கும் வேகத்துக்குச் சரிசெய்து, அதிலேயே நிற்க டிரிம் போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, மின்கம்பி இல்லாத ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, சுவிட்சுகளை வரிசையாகச் சரிபார்த்து முடிக்கும்போது உயரம் பாதி கரைந்திருந்தது. காசை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி உண்டு, இந்தப் பயிற்சியில் மட்டும் தயவுசெய்து பிடிக்காதீர்கள்.

2022 ஆகஸ்டில்தான் வாட்சன்வில்லில், டவர் இல்லாத ஏர்போர்ட், நேராக வேகமாக இறங்க வந்த இரட்டை என்ஜின் செஸ்னா 340, சுற்றில் (இறங்குமுன் ஏர்போர்ட்டைச் சுற்றி வரும் பாதை) இருந்த சின்ன செஸ்னா 152 மீது மோதி மூன்று பேர் இறந்தார்கள். நாங்கள் அடிக்கடி போகிற இடம் அது. அதற்குப் பிறகு அங்கே போகும்போதெல்லாம் ஐபேடில் வரும் டிராஃபிக்கை மட்டும் நம்பாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சுற்றில் நான் எங்கே இருக்கிறேன் என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் ரேடியோவில் சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் வருபவரையும் வெளியே பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

ஆள் ஏற்ற வேண்டுமென்றால் கடந்த 90 நாளில் மூன்று டேக்-ஆஃபும் மூன்று லேண்டிங்கும் இருக்க வேண்டும். அது முடிந்த பிறகு செலவுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: கூட வருபவர்களோடு வாடகை, எரிபொருள், ஆயில், ஏர்போர்ட் கட்டணம் இவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். பைலட் தன் சம பங்கைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், எல்லோருக்கும் அங்கே போக வேண்டிய பொதுவான காரணமும் இருக்க வேண்டும். பயணிகளைத் தேடிப் பிடித்து ஏற்றுவது சட்டப்படி தப்பு. நான் இப்போது இன்னொரு பைலட் நண்பரோடு ஜோடி சேர்ந்திருக்கிறேன், போகும்போது அவர் ஓட்டுவார், வரும்போது நான், பில் பாதிப் பாதி. தனியாகப் பயிற்சிக்குப் போகும் நாளில் 152 எடுக்கிறேன், இரண்டே இருக்கை, மணிக்கு ஆறு கேலன்தான், வாடகையும் குறைவு. முன்பு போல நினைத்த சனிக்கிழமையெல்லாம் போக முடியவில்லை, மாதம் இரண்டு தடவை என்று வைத்திருக்கிறேன், நீண்ட பயணம் ஒன்றுக்குப் பதில் சின்னச் சின்னதாக, கை விட்டுப்போகாமல் இருப்பதற்கு. அடுத்து ஹாஃப் மூன் பே, கடலோர மூடுபனி எத்தனை மணிக்கு விலகும் என்பதைப் பொறுத்துத்தான் புக்கிங்.