பார்மட் போடுவதற்கு முன்னால்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஒரு பார்மட் போட்டுக் கொடுத்துடு" என்று யாராவது போன் செய்தால், எதற்கு என்று கேட்காமல் நான் பென்டிரைவில் கை வைப்பதில்லை (டிஸ்கை அழித்து விண்டோஸை மறுபடி போடுவதைத்தான் எல்லோரும் பார்மட் என்கிறார்கள்). இந்த மார்கழியில் அப்படி இரண்டு பேர் கேட்டார்கள். செவ்வாய்பேட்டையில் பிரஸ் வைத்திருக்கும் சித்தப்பா ஒருவர், ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பன் இன்னொருவன். சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்து ஒரு பைல்கூடத் தொலையக் கூடாது. நண்பனின் லேப்டாப்பிலோ ஒரு பைல்கூட மிஞ்சக் கூடாது. இரண்டுக்கும் திரையில் வரும் படிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால்தான் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

சித்தப்பா கடையில் ஓடுவது கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பில் புக் வகையறா. தை பிறந்துவிட்டால் முகூர்த்த ஆர்டர்கள் வரிசை கட்டும், அப்போது கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார். மார்கழியில்தான் கடை கொஞ்சம் மூச்சு விடும். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். ரூபஸ் என்ற இலவச மென்பொருளில் இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்கும்போது ஒரு டிக் போட்டால் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் என்றால் நானும் செய்திருப்பேன். சம்பாதித்துக் கொடுக்கிற கம்ப்யூட்டரில், அடுத்த பெரிய அப்டேட் ஏறுமா ஏறாதா என்ற சந்தேகத்தோடு ஒன்றைப் போட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் கிடையாது, ஏனென்றால் சித்தப்பாவின் பிழைப்பு பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருள்களில் இருக்கிறது, அவை அதில் நேரடியாக ஓடாது. ஆகவே ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று புதிதாக, அதில் மறுபடி விண்டோஸ் 10, அதற்கு மைக்ரோசாப்ட் தரும் நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு. அது 2026 அக்டோபர் 13 வரை வரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்கில் ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு வெறும் பார்மட் மட்டும் போட்டால் அந்த வேகம் சில மாதம்தான் தாங்கும். எஸ்எஸ்டி மாற்றினால்தான் வித்தியாசம் தெரியும். பழைய டிஸ்கைக் கழற்றி அப்படியே பீரோவில் வைத்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். எது விட்டுப்போனாலும் அதில் இருக்கிறது, அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. மதர்போர்டு மாறாதவரை, ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 நெட்டில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

கடைகளில் கொடுத்தால் "டேட்டா ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். நாமும் "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு" என்போம். அவர்கள் சி டிரைவை மட்டும் அழிப்பார்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் எல்லாமே சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது அன்றைக்குச் சாயங்காலம்தான் உறைக்கும். சில வருடங்களுக்கு முன் சித்தப்பாவுக்கு இப்படி ஒரு சீசன் வேலை மொத்தமாகப் போனது. பத்திரிகை வேலை முழுவதையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தார், கேட்டவர்களும் சரியாகக் கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் "இதையும் எழுதிக்கோ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

டாலி என்ற கணக்கு மென்பொருள் இருந்தால் அதன் டேட்டாவை பேக்கப் எடுப்பதோடு லைசென்ஸையும் டாலிக்குள் போய் சரண்டர் செய்துவிட வேண்டும், பழைய விண்டோஸ் ஓடும்போதே. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், பிரின்டர் டிரைவர், கோரல்டிரா சீரியல் நம்பர் எல்லாம் வழக்கமான சமாசாரம். உண்மையான தலைவலி எழுத்துருக்கள்தான், அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் இன்றைய பொது முறையான யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆகவே பிரஸ்களில் தமிழ் என்பது இன்றும் பெரும்பாலும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள்தான். பைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றுக்கு எழுத்துரு தமிழ் வடிவம் மாட்டிவிடுகிறது, அவ்வளவுதான். எழுத்துரு இல்லாமல் அந்த பைலைத் திறந்தால் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் சகட்டுமேனிக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிற்கும் (பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது, அதனால் பக்கம் முழுக்க அதுதான்). வேறு ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றவும் முடியாது, ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மாதிரி எழுத்துகளை அடுக்கியிருக்கிறது. சித்தப்பாவிடம் இருபது வருடத்து மாடல் பத்திரிகைகள் இருக்கின்றன. அதே எழுத்துரு, அதே பதிப்பு வேண்டும்.

சரி, பான்ட்ஸ் போல்டரை அப்படியே காப்பி எடுத்தால் போதும் என்று நினைக்கலாம். போதாது. விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர் அப்டேட்டில் (1809) இருந்து, எழுத்துருவை வலது கிளிக் செய்து சும்மா இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த யூசருக்கு மட்டும்தான் ஏறும். உட்காரும் இடமும் வேறு, யூசர் போல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற போல்டருக்குள். சி டிரைவின் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸை மட்டும் எடுத்தால் இவை விட்டுப்போகும். புதிதாக ஏற்றும்போது எல்லா யூசருக்கும் என்ற தெரிவைக் கொடுப்பது நல்லது, சில பழைய மென்பொருள்களின் கண்ணில் மற்றது படாது. தமிழ்த் தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, அவர் பழகிய பழைய டைப்ரைட்டர் முறையையே வைத்துக் கொடுத்தேன். தமிழ்99 விசைப்பலகை முறை சுலபம் என்று அவரிடம் சொல்லிப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன், அந்தக் கை வேகத்துக்கு முன்னால் நான் பேசவே கூடாது.

விண்டோஸ் போடும்போது டிஸ்க் பட்டியல் வரும் திரையில்தான் பலருக்கு விபத்து நடக்கிறது. அங்கே சி, டி என்ற எழுத்துகள் இருக்காது, டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, 2 என்றுதான் வரிசையாக இருக்கும், அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய டிஸ்கின் வயரைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தால் எதை அழித்தாலும் கவலை இல்லை. கடையில் யுபிஎஸ் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு வேலை இதற்கு நேர் எதிர். நண்பன் ஹோம்ஸ்டே ரிசப்ஷனுக்குப் புது லேப்டாப் வாங்கிவிட்டான், பழையதைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்காவின் மகளுக்குக் காலேஜுக்குக் கொடுக்க வேண்டும் என்றான். நல்ல விஷயம்தான். ஆனால் டவுன்லோட்ஸைத் திறந்தால் வந்து தங்கிய விருந்தினர்களின் ஆதார் காப்பி வருடக்கணக்கில் குவிந்திருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, திறந்து, பிரின்ட் எடுத்து, அப்படியே மறந்துவிடுவது. முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று இருக்கிறதே, அதை அனுப்பச் சொல்லக் கூடாதா என்று அவனைத் திட்டினேன், அது வேறு கதை.

இதற்குக் குவிக் பார்மட் போதாது. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப் போடுகிற மாதிரி அது, பக்கங்கள் அப்படியே இருக்கும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அந்த பைல்களைத் தோண்டி எடுத்துவிடும். ஹார்டு டிஸ்க் என்றால் முழுக்கப் பூஜ்யம் எழுத வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில் இருந்து, குவிக் டிக்கை எடுத்துவிட்டுப் போடும் முழு பார்மட் அதைச் செய்கிறது. எஸ்எஸ்டிக்கு இந்த வழி சரிவராது, அதற்கு பயாஸிலோ (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) தயாரிப்பாளரின் மென்பொருளிலோ இருக்கும் செக்யூர் இரேஸ் என்ற அழிக்கும் வசதிதான். போனில் வாட்ஸ்அப்பின் லிங்க்டு டிவைசஸிலும் கூகுள் கணக்கிலும் அந்த லேப்டாப்பை நீக்குவதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் என்று முடிவு செய்தோம், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பழைய லேப்டாப்புக்கு லேசானது. அதை இன்ஸ்டால் செய்யத் தேவையான ஐஎஸ்ஓ பைல் சுமார் 3 ஜிபி. அதை மேலே இருக்கும் சிக்னலில் இறக்க நினைத்தால் பொங்கல் வந்துவிடும். ஆகவே சேலத்திலேயே இறக்கி, பென்டிரைவில் எழுதி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு ஹெச்பியில் எஃப்9, டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12. மின்ட்டில் எனக்குப் பிடித்தது, டிஸ்கைத் தொடாமலே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. சவுண்டு, கேமரா, டச்பேட் எல்லாம் வந்தது, வைஃபை வரவில்லை. போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) போட்டு நெட் எடுத்தேன்.

பென்டிரைவில் ஓடும் அந்த மின்ட்டிலேயே டிஸ்க்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் பார்மட் டிஸ்க் கொடுத்து, பூஜ்யம் எழுதும் தெரிவைத் தேர்ந்தெடுத்து விட்டுவிட்டோம். 500 ஜிபி என்பதால் மணிக்கணக்கில் ஓடும். பாதியில் கரன்ட் போனாலும் நஷ்டமில்லை, திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான், இன்ஸ்டால் நடக்கும்போது போனால்தான் சிக்கல். களத்தில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது, அதைக் கிளறிவிடும் வேலையை என் தலையில் கட்டினான் நண்பன். வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டே கிளறினேன்.

இன்ஸ்டால் ஆகச் சாப்பிடும் நேரம்தான் ஆனது. அதன்பின் மறுபடி டெதரிங் போட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவர் பட்டியலில் காத்திருந்தது, ஏற்றி ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை வந்துவிட்டது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும், அந்தப் பெண்ணின் டிகிரி அதற்குள் முடிந்துவிடும். அவளிடம் கொடுத்தபோது அவள் கேட்டது, காலேஜில் வேர்டு பைலாகத்தான் கொடுக்கச் சொல்கிறார்கள், இதில் வருமா என்று. மின்ட்டோடு வரும் லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் எழுதி வேர்டு பைலாகச் சேமிப்பது எப்படி என்று காட்டினேன், டேபிள் ஏதாவது நகர்ந்துவிட்டால் பிரவுசரில் இலவச வேர்டு இருக்கிறது என்றும் சொன்னேன். தமிழில் தட்டச்சு செய்ய இன்னும் எதுவும் அமைத்துக் கொடுக்கவில்லை, போனில் அடிப்பது மாதிரியே ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வர வேண்டுமாம். அடுத்த தடவை மேலே போகும்போது அதைச் செய்ய வேண்டும்.