ஆறு குழாய், ஐந்து சுரம்: மழலையர் வகுப்புக்கு ஒரு தட்டுக்கருவி

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் கருவிக்கு ஒரே ஒரு தகுதி போதும்: எதைத் தட்டினாலும் அபசுரமாகக் கேட்கக் கூடாது. பொம்மை சைலஃபோன்கள் பலவும் இங்கேதான் தோற்கின்றன. ஏழு சுரமும் இருக்கும், சுருதி இருக்காது. அலுமினியக் குழாயில் நாமே செய்தால் எந்தச் சுரம் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பதை நாமே முடிவு செய்யலாம். வேலை இதுவரை வந்திருக்கும் நிலை, அளவுகளோடு:

எடுத்துக்கொண்ட சுரங்கள் ச, ரி, க, ப, த, மேல் ச. மோகன ராகத்தின் சுரங்கள்தான். மத்திமத்தையும் நிஷாதத்தையும் விட்டதற்குக் காரணம், க–ம, நி–ச ஆகிய இரண்டு இடங்களில்தான் அரைச்சுர இடைவெளி வருகிறது. அவை போய்விட்டால் நான்கு பிள்ளைகள் நான்கு குழாய்களை ஒரே நேரத்தில் தட்டினாலும் காதைக் குத்தாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் வழியில் நடக்கும் வகுப்புகளில் கட்டைகளைக் கழற்றி எடுக்கும்படியான சைலஃபோன் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஆதார சுருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையான ச-வின் உயரம், ஒன்றரைக் கட்டை (மேற்கத்திய முறையில் C#). ஆசிரியை தனக்கு வசதியான, இதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடினால் பிள்ளைகளுக்குக் கீழ்ச் சுரங்கள் எட்டாது, பாட்டு பேச்சாகிவிடும். பிள்ளை பாடவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம், உண்மையில் சுருதிதான் ஒத்துவரவில்லை. ஒன்றரைக் கட்டையில் ச சுமார் 277 ஹெர்ட்ஸ், த சுமார் 466. இந்த வயதுக் குரல் சிரமமில்லாமல் போய்வரும் எல்லை ஏறக்குறைய இதுதான். குழாய் இதற்கு ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையுள்ள தூரம்) மேலே ஒலிக்கும். அதனால் பாட்டோடு சேர்ந்து கேட்பதில் குறையில்லை.

வெட்டு

குழாயின் வெளிவிட்டம் 19 மி.மீ., சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. நீளம் 2.5 மீட்டர் இருந்தால் ஆறும் கிடைத்து மிச்சமும் இருக்கும். அளவுகள்:

ச – 45.0 செ.மீ.
ரி – 42.5
க – 40.1
ப – 36.8
த – 34.7
மேல் ச – 31.8

இரு முனையும் கட்டப்படாத குழாயில் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாகப் போகும். புல்லாங்குழல் கணக்கை இங்கே கொண்டுவந்து, மேல் ஸ்தாயிக்கு நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். ஒரு ஸ்தாயிக்கு நீளத்தை 0.707ஆல் பெருக்க வேண்டும். வேறு விட்டத்தில் குழாய் கிடைத்தால் ஆதார சுருதி மாறும், ஆனால் ஆறு குழாய்களுக்குள் விகிதம் மாறாது. மேலே உள்ள பட்டியலை அப்படியே வெட்டினாலும் தங்களுக்குள் சுருதி சேர்ந்தே இருக்கும்.

ஒவ்வொன்றையும் 3 மி.மீ. கூட்டி வெட்டுவது அவசியம். நீளமான ச-வில் தொடங்க வேண்டும். அது குட்டையாகப் போனால் ரி ஆக்கிக்கொள்ளலாம். கடைசிக் குழாயில் தொடங்கினால் அந்த வசதி இல்லை. ஹேக்ஸா பிளேடில் பல் பொடியாக இருப்பது நல்லது, பெரிய பல் மெல்லிய சுவரில் சிக்கிக் கிழிக்கும். வெட்டியபின் வெளிவிளிம்போடு உள்விளிம்பையும் வட்ட அரத்தால் உருட்டி, 240 உப்புத்தாள் போட வேண்டும். பிள்ளைகள் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.

முனைக்கு பிளாஸ்டிக் மூடி போடும் யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். குழாய் நன்றாக அதிரும் இடம் முனைதான். அங்கே எடை ஏறினால் சுருதி இறங்கும், நாதமும் செத்துவிடும்.

சுருதி சேர்ப்பு

நேரம் பிடிக்கும் கட்டம் இதுதான். கைபேசி டியூனர் ஆப் போதும், ஆனால் முனையருகே தட்டினால் அது ஏமாந்துபோகும். குழாயில் மூல ஒலியோடு, அதைப் போல் ஏறக்குறைய 2.76 மடங்கு அதிர்வெண்ணில் இன்னொரு ஒலியும் எழும். ஆப் சில சமயம் அதைப் பிடித்துக்கொண்டு சம்பந்தமில்லாத சுரத்தைக் காட்டும். சரியாக நடுவில், மெத்தென்ற ரப்பர் கோலால் தட்டினால் இந்த மேலொலி அடங்கி மூல ஒலி மட்டும் தெளிவாக நிற்கும்.

1 மி.மீ. அராவினால் ச குழாயில் சுருதி சுமார் 8 சென்ட் ஏறும், மேல் ச-வில் சுமார் 11 சென்ட். நூறு சென்ட் ஓர் அரைச்சுரம். 5 சென்ட்டுக்குள் வந்தால் நிறுத்திவிடலாம், அதற்குமேல் போவது நம் ஆசைக்குத்தான். அராவிய கையோடு அளக்கவும் கூடாது. சூடேறிய குழாய் சற்றே தாழ்ந்து ஒலிக்கும். அதை நம்பி மேலும் அராவினால் ஆறியபின் சுருதி ஏறி நிற்கும். பத்து நிமிடம் தரையில் கிடக்க விட்டுப் பிறகு தட்டிப் பார்க்க வேண்டும்.

படுக்கை

குழாயை அதன் அதிராப் புள்ளிகளில் தாங்க வேண்டும். அவை இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதத்தில் இருக்கும்: ச குழாயில் 10.1 செ.மீ., மேல் ச-வில் 7.1 செ.மீ. இரண்டு விரல் நுனியில் அங்கே ஏந்தித் தட்டினால் ஒலி நீண்டு நிற்கும். ஒரு அங்குலம் தள்ளிப் பிடித்தால் சட்டென்று அடங்கும்.

துளை போட்டுக் கயிற்றில் கோப்பதைவிட, பலகையில் இரண்டு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி அதன்மேல் கிடத்துவது நல்லது. பட்டைகளின் இடைவெளி ச பக்கம் 24.8 செ.மீ., மேல் ச பக்கம் 17.6 செ.மீ. குழாய்களைச் சம தூரத்தில் வைத்தால் நேர்கோட்டுப் பட்டையே ஆறு குழாய்க்கும் பொருந்துகிறது. நடுவில் வரும் பிசகு 2 மி.மீ. தான். உருண்டோடாமல் இருக்கக் குழாய்களுக்கு நடுவே ரப்பர் உறை போட்ட மரமுளைகள். வண்ண டேப் ஒட்டுவதென்றால் அதிராப் புள்ளியில் மட்டும். குழாய் முழுக்கச் சுற்றினால் மரக்கட்டை போலத்தான் ஒலிக்கும்.

கோலுக்கு 25 செ.மீ. நீள மரக்குச்சி, விரல் பருமன், நுனியில் ரப்பர் உருண்டை. உருண்டையின் விட்டம் 4.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. கழன்று வந்தாலும் வாய்க்குள் போகாத அளவு அது. பசையை மட்டும் நம்பாமல் குச்சியை உருண்டைக்குள் ஆழமாகச் செலுத்தி, குறுக்கே ஆணி கடாவுவது நலம். முறுக்கிப் பார்க்கும் சோதனை வாராவாரம் நடக்க வேண்டும்.

வகுப்பில்

எடுத்த எடுப்பில் ஆறு குழாயையும் வைத்தால் நடப்பது இசை அல்ல, மழை. முதலில் ப, க இரண்டு மட்டும். ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் அந்த இடைவெளியைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட அதுவே போதும். அவரவர் பெயரை ப–க என்று பாடித் தட்டினால் வருகைப் பதிவும் முடிந்துவிடும். பிறகு த, அதன்பின் ச, ரி. மேல் ச கடைசி. அதைக் குரலால் எட்ட முடியாத பிள்ளைகள் தட்டினால் மட்டும் போதும்.

பொதுவாக வரும் கோளாறு, கோலை அழுத்தி வைத்துக்கொள்வது. ஒலி அதிலேயே செத்துவிடும். "மெதுவா தட்டு கண்ணு" என்றால் மெதுவாக அழுத்துவார்கள். சுட்ட சட்டியைத் தொட்டதும் கை பின்வாங்குவது போல என்று செய்து காட்டினால் கோல் தானாக எழும்புகிறது.

அடுத்தது வேகம். நான்கு வயதுப் பிள்ளையின் இயல்பான தட்டு பெரியவர்களுடையதைவிட வேகமானது. நிமிடத்துக்கு 80 தட்டில் தாளம் பிடிக்கச் சொன்னால் முந்திக்கொண்டு ஓடுவார்கள், அது அடங்காமை அல்ல. 130 அளவில் தொடங்கினால் கூடவே வருவார்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். ஆளுக்கு ஒரு கோல்தான், இரண்டு கொடுத்தால் கோலோடு கோல் மோதும். காத்திருப்பவர்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தால் முறைக்காகச் சண்டை வராது. ஒரு முறை என்பது ஒரு பாட்டு வரி, அதற்குமேல் இல்லை.

இன்னும் முடியாத வேலை கீழ் ச. பாட்டுக்கு அடியில் சுருதி போல நிற்க ஒரு குழாய் வேண்டும். இதே 19 மி.மீ. குழாயில் அது 63.6 செ.மீ. வரும், ஆனால் மெலிந்த குழாய் தாழ்ந்த ஒலியை எடுத்துக்கொடுப்பதில்லை. 25 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. சுவர் என்றால் கணக்குப்படி 74 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. அது பலகையில் அடங்காது. அதிராப் புள்ளியில், அதாவது முனையிலிருந்து 16.5 செ.மீ.யில், துளை போட்டுத் தனிச் சட்டத்தில் தொங்கவிட வேண்டும். தொங்கும் கயிற்று வளையம் பிள்ளையின் தலை நுழையாத அளவு குட்டையாக இருக்க வேண்டும் என்பதால் சட்டத்தின் உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் குழாயில் ரம்பம் வைக்க வேண்டும்.