முகாமில் பயிற்சி அக்கா

சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை முகாம்களில் சின்னப் பிள்ளைகளின் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு அலையும் உயர்நிலை மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்தான் பயிற்சி வழிநடத்துநர்கள், அதாவது பிள்ளைகளை வழிநடத்தக் கற்றுக்கொள்பவர்கள். இந்த வருடம் என் மகளும் போகிறாள்.

விளையாட்டு நடத்துவது, காணாமல் போன செருப்பைத் தேடுவது, அம்மா வேண்டும் என்று அழும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது இவர்கள் வேலை. ஆனால் பிள்ளைகளைத் தனியாகப் பொறுப்பேற்கக் கூடாது. அடிபட்டாலோ சண்டை முற்றினாலோ உடனே மூத்தவரிடம் சொல்லிவிட வேண்டும். என் மகளுக்கு அதுதான் கஷ்டம். வீட்டில் தம்பி வழக்குக்கெல்லாம் இவளே நீதிபதி!

பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பள்ளியின் விஐஏ என்னும் சமூக சேவைத் திட்டத்தின் மணிக்கணக்குக்காக வருபவர்களும் உண்டு, அது பரவாயில்லை. சும்மா கிடைத்த ஆள் என்று நாள் முழுக்கத் தட்டு கழுவ வைத்தால்தான் எனக்குக் கோபம் வரும். உங்கள் பிள்ளையை இதில் சேர்க்கும்முன் ஒன்று கேளுங்கள்: இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்?